நீரை அளந்து நடுவோம்

பாவோடும் நாளில் நெசவாளர் வீட்டில் முதலில் நடப்பது யாது? நூல் கணக்கிடப்படுகிறது. இத்தனை இழை, இத்தனை நீளம், ஆகவே இத்தனை சிட்டம் நூல் வேண்டும் என்று கூட்டிப் பார்த்து, கையில் உள்ள நூல் அதற்குப் போதும் என்று தெளிந்த பின்னரே பாவு நீள்கிறது. ஊடைக்கு நூலின்றிப் பாதிச் சேலையில் தறி நின்றுவிடுமானால், அதற்காக நெசவாளர் வானத்தையோ விதியையோ நொந்துகொள்வதில்லை. கணக்குத் தவறிற்று என்றே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதே தெருவில், சில குடும்பங்களில் அதே வீட்டில், தோட்டம் பார்க்கும் சகோதரர் கிணற்றில் நீர் எவ்வளவு ஊறுகிறது என்று அளக்காமலேயே நாலு ஏக்கருக்குக் குச்சி வெட்டி நட்டுவிடுகிறார். சித்திரையில் கிணறு அடிப்பாறையைக் காட்டுகிறது. அப்பொழுது பழி மழையின்மேல் விழுகிறது. ஒரே ஊரில் நூலுக்கு ஒரு நீதியும் நீருக்கு ஒரு நீதியும் இருப்பது தகுமா? குச்சிக்கிழங்குக்கு நீர் பாய்ச்சுவது பற்றிய இக்கட்டுரை, அந்த ஒரு கேள்வியையே ஆராய விரும்புகிறது.

மேச்சேரியைச் சுற்றி வாழும் நமக்கு நீரைப் பற்றி ஒரு தனிப்பட்ட மனத்தாங்கல் உண்டு. மேற்கே சில கல் தொலைவில் மேட்டூர் அணை நிற்கிறது. 1934-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த அணையில் 120 அடி உயரத்துக்கு, ஏறத்தாழ 9,347 கோடி கன அடி நீர் தேங்கும். அந்நீர் தஞ்சை வரை சென்று கழனிகளை நனைக்கிறது. நம் மேட்டாங்காடுகளோ அணையின் நீர்மட்டத்தினும் உயரத்தில் உள்ளவை. ஆற்றுநீர் தானாக இங்கே ஏறி வருவதற்கில்லை. அணையின் உபரிநீரை இறைத்துச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளில் நிரப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டத்தின் முதற்பகுதி 2021-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல திட்டமே. ஏரி நிரம்பினால் அதனைச் சுற்றியுள்ள கிணறுகள் உயிர்பெறும். ஆயினும் அத்திட்டத்தின் பெயரையே கூர்ந்து நோக்குக: அது உபரிநீர்த் திட்டம். அணை நிரம்பாத 2016, 2023 போன்ற ஆண்டுகளில் உபரி என்பது ஏது? நமக்கு நீர் மிகவும் வேண்டிய ஆண்டிலேதான் உபரியும் இல்லாமற் போகிறது. ஆகவே, என்றும் நம் கையில் உள்ளது நம் கிணற்று நீரே என்பதை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

கிழங்கு என்றவுடன் உலகில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது உருளைக்கிழங்கு. நம் மாநிலத்தில் அது நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும், ஓசூர், தாளவாடி போன்ற உயர்ந்த நிலங்களிலும் விளைகிறது. இரவில் குளிர்ச்சி இல்லாவிடில் அதன் கிழங்கு சரிவரக் கட்டாது; ஆதலின் மேச்சேரிச் செம்மண்ணுக்கு அது ஏற்றதன்று. எனினும், நீர்ப்பஞ்ச காலத்தில் எப்படிப் பாய்ச்சுவது என்பதில் அப்பயிர் உலகுக்குப் புகட்டியுள்ள பாடம் நமக்கும் பயன்படும். அதன் வேர்கள் மேலாகவே ஓடுபவை. 120 முதல் 150 நாளில் முடியும் அப்பயிருக்கு 500 முதல் 700 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்பர். இதிலும் முக்கியமானது அளவைவிடக் காலம். கிழங்கு பிடிக்கத் தொடங்கி அது பருக்கும் வாரங்களில் நீர் தவறினால், பின்னர் எவ்வளவு பாய்ச்சினாலும் இழந்தது மீளாது. காயப்போட்டுப் பின் வெள்ளமாய் விட்டாலோ கிழங்கு வெடிக்கும், உருவம் கோணலாகும். நீர் குறைந்தவிடத்து, எல்லா நாளும் அரை வயிறு ஊட்டுவதினும் தக்க நாளில் முழு வயிறு ஊட்டுவதே மேல் என்பதுதான் அப்பாடம்.

இனி நம் குச்சிக்கிழங்குக்கு வருவோம். நூல்களில் மரவள்ளி என்று வழங்கும் இப்பயிர் வறட்சி தாங்கும் என்பது சிறு குழந்தையும் அறிந்தது. இப்புகழே நம்மை ஏமாற்றிவிட்டது என்று சொன்னால் வியக்க வேண்டா. வறட்சி தாங்கும் என்பதற்குப் பொருள், அது எளிதிற் சாகாது என்பதே. வறட்சியிலும் விளையும் என்பதன்று. மண்ணில் ஈரம் குறைந்ததும் இச்செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. புது இலைகளைச் சிறிதாக்குகிறது. பழைய இலைகளை உதிர்த்துவிட்டு மழையை எதிர்பார்த்து உறங்குவது போல் நிற்கிறது. இலை இல்லாத இடத்தில் மாவு ஏது? நட்ட முதல் மாதம் முடிந்து ஐந்தாம் மாதம் வரையில் வேர்கள் கிழங்காகத் திரண்டு, இலைத்திரளும் நிரம்ப வேண்டிய காலம். அக்காலத்துள் இரண்டு மாதம் தொடர்ந்து ஈரம் தவறினால், விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேலும் குறையக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். செடி சாகவில்லையே என்று நாம் மகிழ்ந்திருக்கும் வேளையில், மண்ணுக்குள் விளைச்சல் செத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இலை உதிர்ந்து காய்ந்த பயிருக்குத் திடீரென மழையோ பாய்ச்சலோ கிடைத்தால், செடி புதிய இலை விடுவதற்குக் கிழங்கில் சேர்த்து வைத்த மாவையே எடுத்துச் செலவு செய்கிறது. ஆலையில் கிழங்குக்கு விலை வைப்பது மாவுச்சத்தின் ‘பாயிண்டு’ கணக்கில் என்பதை நாம் அறிவோம். மழை பெய்த கையோடு பிடுங்கிய கிழங்குக்குப் பாயிண்டு இறங்கிவிட்டது என்று ஆலைவாசலில் சண்டை நிகழ்வதையும் கண்டிருக்கிறோம். அளவுகோலில் ஐயம் இருந்தால் அதனைக் கேட்க உழவருக்கு உரிமை உண்டு. அதில் விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. ஆயினும் அந்த இழப்பில் ஒரு பகுதி, பல மாதங்களுக்கு முன் நம் வாய்க்காலிலேயே நேர்ந்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

நிற்க. இப்பக்கத்தில் இறவைத் தோட்டங்களில் பலர் தை, மாசி மாதங்களில் நடுகின்றனர். அப்படி நட்டால், பயிருக்கு நீர் இன்றியமையாத ஒன்று முதல் ஐந்து மாதம் என்பது மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி, ஆடி வரை செல்கிறது. கிணறு மிகவும் இளைத்திருக்கும் காலமும் அதுவே! பயிரின் பசி உச்சத்தில் இருக்கும்பொழுது கிணற்றின் கை வறண்டிருக்கிறது. தை மாதத்தில், வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் ததும்பும் கிணற்றை எட்டிப் பார்த்து ஏக்கரைத் தீர்மானிப்பவர், தீபாவளிச் செலவைப் போனஸ் வந்த நாளில் தீர்மானிப்பவரை ஒத்தவர்.

அளப்பது அரிய வேலையன்று. 200 லிட்டர்ப் பீப்பாய் ஒன்றும், விநாடி காட்டும் கடிகாரம் ஒன்றும் போதும். குழாயிலிருந்து விழும் நீர் 72 விநாடியில் பீப்பாயை நிரப்பினால், மணிக்கு 10,000 லிட்டர் என்பது கணக்கு. அடுத்து, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினால் கிணறு வற்றுகிறது, மறுநாள் அதே அளவு ஊறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, தையில் 6 மணி நேரம் ஓடும் கிணறு நாளொன்றுக்கு 60,000 லிட்டர் தருகிறது. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் நிற்க ஏறத்தாழ 1,03,000 லிட்டர் வேண்டும். கால்வழி பாய்ச்சும்பொழுது இரண்டு அங்குலம் என்று கொண்டால் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். பத்து நாளுக்கு ஒரு முறை பாய்ச்சுவது என்றால், அக்கிணறு மூன்று ஏக்கருக்குச் சிறிது குறைவாகவே தாங்கும். சித்திரையில் அதே கிணறு 3 மணி நேரம் மட்டுமே ஓடுமானால் தாங்குவது ஒன்றரை ஏக்கர். நாலு ஏக்கர் நட்டவருக்கோ ஒரு சுற்று முடிய இருபத்தேழு நாள் ஆகும். முதல் மூன்று மாதங்களில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் வேண்டும் பயிருக்கு, இருபத்தேழு நாளுக்கு ஒரு தண்ணீர்! இக்கணக்கைத் தையிலேயே போட்டிருந்தால் அவர் நட்டிருக்கக்கூடியது ஒன்றரை அல்லது இரண்டு ஏக்கர். எஞ்சிய நிலத்தில் ஆடி, புரட்டாசி மழைக்குச் சோளமோ நிலக்கடலையோ விதைத்திருக்கலாம். மழையை நம்பிய மானாவாரிக் கிழங்கையும் வைத்திருக்கலாம். ஒரு பகுதியை மேய்ச்சலுக்கு விட்டிருந்தால் மேச்சேரி ஆட்டுக்கேனும் பயன்பட்டிருக்கும்.

சொட்டுநீர்ப் பாசனம் இருக்க இக்கவலை எதற்கு என்று சிலர் வினவுவர். சொட்டுநீர் மிகவும் வேண்டப்படுவதே. சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும், ஏனையோருக்கு 75 விழுக்காடு மானியமும் அரசு தருகிறது. அதனைப் பெறாதிருப்பது நம் சோம்பலே. ஆனால் இங்கும் கணக்கு வேண்டும். மூன்று அடிக்கு ஒரு செடியாக நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 5,000 செடி. இரண்டு நாளுக்கு ஒரு முறை செடிக்கு 6 லிட்டர் என்று கொண்டால், ஏக்கருக்கு 30,000 லிட்டர். சித்திரையில் நாளுக்கு 30,000 லிட்டர் தரும் நம் கிணறு இரண்டு ஏக்கரைத் தாங்கும். ஆகவே சொட்டுநீரால் ஒன்றரை ஏக்கர் இரண்டாயிற்று. பயிரின் வாட்டமும் நீங்கிற்று. ஆனால் இரண்டு நாலாகவில்லை. குழாய் பதித்துவிட்டோம் என்ற துணிவில் மேலும் இரண்டு ஏக்கர் சேர்த்து நடுபவர், மிச்சம் பிடித்த நீரையும் மறுபடி இழக்கிறார். குழாய்க்கு வழியில்லாதவர், ஒன்று விட்டு ஒரு காலில் நீர் விட்டு, அடுத்த முறை மற்றக் கால்களில் விடலாம். சோகையையும் சருகையும் பாரின்மேல் பரப்பி ஈரத்தைக் காக்கலாம். ஊடே சின்ன வெங்காயம், உளுந்து, தட்டைப்பயறு வைத்தால், இளங்கிழங்குக்குப் பாயும் நீரே இன்னொரு வெள்ளாமைக்கும் ஆகிறது. இவையெல்லாம் துணைகளே, அளவறிந்து நடுவதற்கு இவை ஈடாகா.

இதுகாறும் கூறியது தனி ஒருவர் செய்யக்கூடியது. ஆயினும் ஒருவர் மட்டும் செய்தால் போதுமா? போதாது. இங்கேதான் கூட்டுறவு வந்து நிற்கிறது. நம் நிலத்தின் கீழே இருப்பது கடினப்பாறை. மேலே உள்ள சிதைந்த பாறையிலும், அதனடியில் ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. என் கிணற்று நீரும் அண்டைத் தோட்டத்துக் கிணற்று நீரும் பல இடங்களில் ஒரே ஊற்றிலிருந்து வருபவை. நான் இரண்டு ஏக்கரோடு அடங்கியிருக்க, அவர் 800 அடிக்குத் துளையிட்டு ஆறு ஏக்கர் நட்டால், என் அடக்கம் அவருடைய வரவாகும். இதனை உணர்ந்தே ஒவ்வொருவரும் பிறருக்கு முந்திவிட முனைகின்றனர். 1990-ஆம் ஆண்டளவில் உழவுக்கு மின்சாரம் இலவசமான பின்பு, அது ஏழை உழவருக்கு எத்துணையோ உதவிற்று. ஆனால் கவலை இறைத்த காலத்தில் மாடு களைத்தால் நின்ற இறைப்பு, இன்று கிணறு வற்றினால்தான் நிற்கிறது. பின்பு ‘போர்’ வண்டி வருகிறது. ஒரு துளை பொய்த்தால் மறு துளை. நகை அடகுக்குப் போகிறது, நிலம் ஈடாகிறது. 1904-ஆம் ஆண்டு திருவள்ளூரை அடுத்த திரூரில் நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது, உழவரை வட்டிக்காரர் கையிலிருந்து மீட்பதற்காகவே. அவ்வட்டிக்காரர் இன்று துளைபோடும் வண்டியின் வடிவில் மீண்டும் நம் தோட்டத்துக்குள் நுழைகிறார்.

பிறர் இதற்கு வழி கண்டிருக்கின்றனர். மகாராஷ்டிரத்தில் 1972-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின், புரந்தர் வட்டத்து நாய்காவ் கிராமத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே என்பவர் ‘பானி பஞ்சாயத்து’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். நிலத்தின் பரப்புக்கு ஏற்பவன்றி, குடும்பத்தின் தலைகளை எண்ணி, தலைக்கு அரை ஏக்கர் வீதம் நீர் பகிரப்பட்டது. நிலமில்லாதவருக்கும் நீரில் உரிமை உண்டு என்றனர். நீரைக் குடிக்கும் கரும்பு விலக்கப்பட்டது. ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களில் 2003-ஆம் ஆண்டு முதல் நடந்த ஒரு திட்டத்தில், உழவர்களே மழைமானி வைத்து மழையை அளந்தனர். கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாமே குறித்தனர். விதைப்புக்கு முன் ஊர் கூடி, வரவு இவ்வளவு, நடக்கருதும் பயிருக்குச் செலவு இவ்வளவு என்று நீருக்கு ஒரு வரவு செலவுத் திட்டம் போட்டனர். எவர் என்ன பயிரிட வேண்டும் என்று யாரும் ஆணையிடவில்லை. கணக்கு ஊர்ச்சுவரில் எழுதப்பட்டது. அதனைப் பார்த்துப் பலர் தாமாகவே பயிரை மாற்றிக்கொண்டனர். கல்வி நிரம்பாத கிராமத்தார் செய்த இதனை, தலைமுறை தலைமுறையாக நூலிழை எண்ணி வாழும் ஊரார் செய்ய முடியாது என்று எவரேனும் சொல்லக்கூடுமா?

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று என்று தோன்றுகிறது. முதலாவது, ஒவ்வொரு தை மாதத்திலும் சித்திரையிலும், அங்கத்தினர் கிணறுகளை அவர்கள் முன்னிலையில் பீப்பாய் வைத்து அளந்து, ஒரு பேரேட்டில் பதிதல். இரண்டே ஆண்டில் எந்தக் கிணறு கோடையில் எவ்வளவு தாங்கும் என்பது ஊருக்கு விளங்கிவிடும். இரண்டாவது, பயிர்க்கடனோடு இப்பேரேட்டை இணைத்தல். இன்று கடன் அளவு பயிரையும் ஏக்கரையும் பார்த்து நிர்ணயமாகிறது. உரிய காலத்தில் திருப்பினால் வட்டியும் இல்லை. கிணற்றின் கோடை அளவு என்ன என்று கேட்பார் இல்லை. கடனை மறுப்பதற்காகக் கேட்க வேண்டும் என்று நான் கூறவில்லை. இரண்டு ஏக்கர் தாங்கும் கிணற்றை வைத்து நாலு ஏக்கருக்கு இறவைக் கடன் கேட்பவரிடம், இரண்டுக்கு இறவைக் கிழங்கு, இரண்டுக்கு மானாவாரிப் பயிர் என்று எடுத்துக்கூறும் பொறுப்பு சங்கத்துக்கு உண்டு என்றே கூறுகிறேன். மூன்றாவது, ஒரே ஊற்றைப் பகிரும் பத்துப் பதினைந்து கிணற்றுக்காரர்கள் நடவுக்கு முன் ஒரு முறை கூடி, இவ்வாண்டு புதுத் துளை இல்லை, இன்னாருக்கு இத்தனை ஏக்கர் என்று வாய்மொழியாகவேனும் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுதல். நீர் மிஞ்சியவர் முறை வைத்து அண்டையாருக்கு விடும் வழக்கம் நம் பாட்டனார் காலத்தில் இருந்ததுதான்.

இதற்குக் கூறப்படும் தடைகளை நான் அறியாதவன் அல்லேன். “பெரிய பண்ணைக்காரர் கட்டுப்படுவாரா?” என்பர். எல்லோரும் கட்டுப்படமாட்டார். ஆனால் பத்துப் பேர் கணக்கு வெளிப்படையாக இருக்கும் ஊரில், பதினோராவது ஆள் துளைபோடும் வண்டியை இரவோடு இரவாகக் கொண்டுவரச் சற்றுக் கூசுவார். அக்கூச்சமே ஒரு வேலி. “பரப்பைக் குறைத்தால் வருமானம் குறையாதா?” என்பர். நாலு ஏக்கருக்கு உழவு, குச்சி, உரம், களை எல்லாம் செலவு செய்து பாதி விளைச்சல் எடுப்பதும், இரண்டு ஏக்கருக்குச் செலவு செய்து முழு விளைச்சல் எடுப்பதும், எடையில் ஒன்றே ஆயினும் கையில் நிற்கும் பணத்தில் ஒன்றாகா. “ஆலைக்காரர் விலையைக் குறைத்துவிட்டால் என்ன செய்வது?” என்பர். நியாயமான அச்சம். 1943-ஆம் ஆண்டளவில், போர்க்கால இறக்குமதித் தடையால் சேலத்தில் முளைத்த ஜவ்வரிசித் தொழில், இன்று நாடறிந்தது. ஆலை உடையோர் 1981-ஆம் ஆண்டில் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தை, ‘சேகோசர்வ்’ என்பதை, அமைத்துக்கொண்டு மாவையும் ஜவ்வரிசியையும் ஒன்றாக விற்கின்றனர். அவர்கள் கூடி விற்கக் கற்றுக்கொண்டது தவறன்று. விளைவிக்கும் நாம் கூடிச் செய்யக் கற்றுக்கொள்ளாததே தவறு. தன் நீரைக்கூடச் சேர்ந்து அளக்க முடியாத உழவர் கூட்டம், விலையைச் சேர்ந்து பேசுவது எங்ஙனம்? முதற்படி ஏறாதவருக்கு இரண்டாம் படி இல்லை.

இச்செய்தி உழவருக்கு மட்டும் உரியது என்று நெசவாள அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஆலைத்துணியின் பாவுக்கு ஏறும் கஞ்சியில் இக்கிழங்கு மாவும் உண்டு. சாயமிடவும் கஞ்சி காய்ச்சவும், குடிக்கவும் ஊருக்கு வேண்டிய நீர், தோட்டத்துக் கிணறுகள் வற்றும்போது தானும் ஆழத்துக்குப் போய்விடுகிறது. மேலும், கணக்கிட்டுத் தொடங்கும் ஒழுக்கத்தை இவ்வூருக்குக் கற்பிக்கும் தகுதி உங்களுக்கே உண்டு. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரி மாதத்தில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. அத்தகைய ஆண்டு மறுபடி வரும். என்று வரும் என்பதே நம் கையில் இல்லை. அது வரும்பொழுது, நம் பேரேட்டில் கிணறுகளின் கணக்கு இருக்குமா, அல்லது துளைபோட்ட கடன்களின் கணக்கு மட்டும் இருக்குமா என்பது நம் கையில் உள்ளது.

வருகிற தையில் குச்சி வெட்டுவதற்கு முன், ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு பீப்பாயை எடுத்துக்கொண்டு தம் கிணற்றடிக்குச் செல்வாராக. சங்கத் தலைவர்கள் பேரேட்டைத் திறந்து வைப்பாராக. நூலை எண்ணிப் பாவோடுகின்ற ஊர், நீரை எண்ணி நடவும் கற்றுக்கொள்ளட்டும்.